ஆறாம் புத்தகத்துக் காட்சி

“கழுதையையுமா வெட்டிட்டீங்க?”

கேட்டுக்கொண்டே இத்வால் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சுவருக்கு அருகில் போனார். சுவர் முழுக்க அட்டைகள். பச்சை அட்டையில் இருப்பதெல்லாம் தொலைக்காட்சித் தொடரில் வரும். சிவப்பில் இருப்பது வராது. சிவப்புதான் அதிகம்.

“என்ன சார் பண்றது? புத்தகம் பதினொண்ணு. சேனல்காரங்க குடுத்தது எட்டே எபிசோடு. டிராகனுக்கே ரெண்டு தலையைக் குறைச்சிருக்கோம்” என்றாள் தெக்வென். திரைக்கதையை எழுதுகிறவள் அவள்தான். கூட மடோக் என்று ஒருவன்.

“டிராகனுக்குத் தலை போனாப் போகட்டும்மா. கழுதை நாலு புத்தகம் சுமை தூக்கியிருக்கு, பாவம்.”

மடோக் சிரித்துவிட்டான். வெளியே கார்டிஃப் மழை ஜன்னலை அடித்துக்கொண்டிருந்தது.

அந்தப் பதினோரு புத்தகங்களையும் எழுதியவள் இத்வாலின் மனைவி நெஸ்டா. இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதினாள். போன வசந்தத்துக்கு முந்தின வசந்தத்தில் போய்ச் சேர்ந்தாள். தன் கணவரின் கையெழுத்து இல்லாமல் ஒரு காட்சியைக்கூட நீக்கக் கூடாது, சேர்க்கவும் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தாள். அதனால்தான் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதர் இங்கே வந்து கழுதைக்காக வாதாடிக்கொண்டிருந்தார். எது வரும், எது வராது என்ற பட்டியல் நாலு மணிக்குள் லண்டனுக்குப் போயாக வேண்டும்.

ஆனால் கழுதைக்குப் பிறகு அவர் ஒன்றுக்கும் சண்டை போடவில்லை. இரட்டை இளவரசர்களை ஒருத்தனாக்கியதற்குக் கையெழுத்துப் போட்டார். மூன்று போர்களை ஒரே போராக்கியதற்கும் போட்டார். கடைசித் தாளில்தான் பேனா நின்றது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த விளக்குக்காரன் காட்சியை மட்டும் விட்டுடாதீங்க.”

தெக்வென் மடோக்கைப் பார்த்தாள். மடோக் ஜன்னலைப் பார்த்தான்.

இங்கே ஒரு ரகசியத்தை உடைத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு புத்தகமும் தலையணை கனம். ஒற்றைப்படை உனக்கு, இரட்டைப்படை எனக்கு என்று இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டு, படித்ததை இரண்டு பக்கமாகச் சுருக்கி மாற்றிக்கொண்டார்கள். இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் செய்வதுதான், வெளியே சொல்லமாட்டார்கள். முதல் நாள் இத்வாலிடமோ, ‘பதினொண்ணையும் ரெண்டு தடவை படிச்சிட்டோம் சார்’ என்று கூசாமல் புளுகியிருந்தார்கள்.

நம்ம பங்கில் விளக்குக்காரனே இல்லையே, அப்படியானால் மடோக்கின் பங்காகத்தான் இருக்கும் என்று நினைத்தாள் தெக்வென்.

“ஆங்... அந்த விளக்குக்காரன்! ஆறாவது புத்தகம்தானே சார்?”

மடோக்குக்குத் திக்கென்றது. ஆறாவதில் கடைசி நூறு பக்கத்தை ரயிலில் தூங்கிக்கொண்டே புரட்டியவன் அவன். “அதேதான். படிச்சிட்டு அழுதுட்டேன் சார்” என்றான் அவசரமாக.

இத்வால் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆறாவதா? நீங்க சொன்னா சரி.”

“நீங்களே ஒரு தடவை சொல்லுங்களேன் சார். உங்க வாயால கேக்கணும்” என்றாள் தெக்வென்.

“ராணி படையோட கிளம்பிப் போயிடறா. துறைமுகத்துல இவன் தினம் விளக்கேத்தறான். வருஷக்கணக்கா ஏத்தறான். ஊரே சிரிக்குது. ஒரு நாள் கப்பல் வருது. இறங்கினவ அரண்மனைக்குப் போகல. நேரா இவன்கிட்ட வந்து பக்கத்துல உக்கார்றா. ‘ரொம்பக் காக்க வெச்சுட்டேன், இல்ல?’ங்கறா. ‘சூப்பு ஆறிப் போச்சு, இரு, சுட வெச்சுத் தர்றேன்’ங்கறான். அவ்வளவுதான்.”

சொல்லி முடித்துவிட்டு அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். தெக்வென் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள்.

“நெஸ்டா மாடியில எழுதுவா. நான் படிக்கட்டுக்குக் கீழ நின்னு சாப்பிடக் கூப்பிடுவேன். ‘ஒரே நிமிஷம் இத்வால்’ம்பா. ஆட்டுக்கறி சூப்பைச் சுட வெச்சு, மறுபடி சுட வெச்சு, அப்புறம் நான் மட்டும் குடிச்சிட்டுப் படுத்துடுவேன். குறையா சொல்லலம்மா. அவ நிமிஷமெல்லாம் அந்த ராணிக்கே போயிடுச்சு. இன்னிக்கும் சாயங்காலமானா படிக்கட்டுக்கிட்ட போய் நிக்கறேன். அந்த ‘ஒரே நிமிஷ’த்தையாவது ஒரு தடவை கேட்டுட மாட்டோமான்னு இருக்கு.”

தெக்வெனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப அந்த விளக்குக்காரன்... நீங்கதானா சார்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தெக்வென் விருட்டென்று எழுந்தாள். புதிதாகப் பச்சை அட்டை ஒன்றை எடுத்து ‘விளக்குக்காரன், ராணி’ என்று பெரிதாக எழுதினாள். முடிசூட்டு விழா அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இதைக் குத்தினாள்.

“தொடரோட கடைசிக் காட்சியே இதுதான். சேனல்காரன் தலைகீழா நின்னாலும் மாத்த மாட்டேன்!”

“சத்தியமா?”

“சத்தியமா. பட்டியல்லயும் எழுதிட்டேன், பாருங்க.”

இத்வால் ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டுக் கடைசிக் கையெழுத்தைப் போட்டார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டவர் போல இருந்தார். எழுந்து மழைக்கோட்டை மாட்டிக்கொண்டார். மடோக் பட்டியலை லண்டனுக்கு அனுப்பிவிட்டான்.

கதவு வரை கூடவே வந்தாள் தெக்வென். “சார், அந்த வசனத்தை மேடம் எழுதினபடியே, ஒரு சொல் மாறாம வைக்கப்போறேன். எந்தப் பக்கம்னு ஞாபகம் இருக்கா?”

“பக்கம் ஏதும்மா? என்னைப் பத்தி எங்கயாவது ஒரு வரி எழுதியிருப்பாளான்னு பதினோரு புத்தகத்தையும் மூணு தடவை தேடிட்டேன்” என்றார் இத்வால். “எங்கயுமே இல்ல.”