மலை திறக்க இரண்டு நாள்

“பாசு பிடிபட்டுட்டான். மறுபடியும் பாசுதான்.”

காவல்காரன் ஹம்மு சொல்லி வாய் மூடவில்லை, இல்ஹாம் நோட்டை அள்ளிக்கொண்டு ஓடினாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டதுகூடத் தெரியவில்லை.

அட்லஸ் மலையில் அந்த ஊருக்கு ஒரு வழக்கம். வசந்தத்தில் மூன்று மாதம் மேய்ச்சல் மலையை மூடிவிடுவார்கள். யாரும் கால் வைக்கக் கூடாது, ஒரு பிடி புல் அறுக்கக் கூடாது. பூத்து விதை உதிர்ந்த பிறகு எல்லோருக்கும் ஒரே நாளில் திறப்பார்கள். போலீஸ் கிடையாது, சர்க்கார் கிடையாது. நாற்பத்திரண்டு வீடும் கூடுகிற சபைதான் எல்லாம்.

பொதுச் சொத்தை ஜனங்களே எப்படிக் கட்டிக் காக்கிறார்கள் என்று ஆராயத்தான் ரபாத் பல்கலைக்கழகத்திலிருந்து இல்ஹாம் வந்திருந்தாள். ஐந்து மாதமாக, மூன்று பிள்ளைகளோடு தனியாக இருக்கும் இட்டோவின் வீட்டில் தங்கல்.

“யாரும் மீறாத விதின்னு ஒண்ணு கிடையாது. மீறுறது யாருன்னு கண்டுபிடி. இல்லேன்னா உன் ஆராய்ச்சியை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க” என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கண்டுபிடித்துவிட்டாள். சபையின் பழைய ஏட்டில் வருஷத்துக்கு ஒரு வரி. கடைசி ஆறு வருஷமும் பாசுவின் பெயர். இன்றோடு ஏழு. எப்போதும் மலை திறக்க இரண்டு நாள் இருக்கும்போது, அதே ஊற்றங்கரையில், பட்டப்பகலில். முந்நூறு ஆடு வைத்திருக்கிற மனுஷன்.

ஆராய்ச்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? வசதியானவன்தான் விதியை உடைக்கிறான்.

வாதுமை மரத்தடியில் சபை கூடியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டுப் புல்லோடு பாசு சாவகாசமாக நின்றான். அவனுடைய கோவேறு கழுதை தலையை ஆட்ட, கழுத்து மணி கலகலவென்றது.

“மணி கட்டின கழுதையோடவா திருடப் போன?” என்றது ஒரு குரல்.

“திருடப் போறோம்னு அதுகிட்ட சொல்லலையே” என்றான் பாசு.

சபையே சிரித்தது. இல்ஹாமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து நின்றுவிட்டாள்.

“சிரிக்கிறீங்களே, ஏழு வருஷமா ஒரே ஆள், ஒரே இடம். முந்நூறு ஆடு வெச்சிருக்கறவருக்கு இந்த ஒரு கட்டுப் புல்லுதான் குறைச்சலா? ஊருக்குச் சோறு போட்டா போதும்னு விட்டுடறீங்க. அவருக்கு அதெல்லாம் ஒரு தண்டனையா? இந்த வருஷம் அவர் ஆட்டை மலைக்கே விடாதீங்க.”

சிரிப்பு நின்றது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த இட்டோ, சும்மா இருந்த பிள்ளையின் முதுகில் ஒன்று வைத்தாள்.

“மலைக்கு விடலைன்னா அடுத்த வருஷம் நான் யாரைப் பிடிக்கிறதாம்?” என்று முணுமுணுத்தான் ஹம்மு.

சபைத் தலைவர் தொண்டையைச் செருமினார். “வழக்கத்தை மாத்தறதுக்கில்ல. மீறினவன் ஆடறுத்து ஊருக்கே விருந்து வைக்கணும். இன்னைக்கே.”

“வெச்சிடறேன்” என்றான் பாசு.

போய்ப் பார்த்தால் அவன் வீட்டு முற்றத்தில் அண்டா ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது.

‘இப்போதான் தீர்ப்பு சொன்னாங்க. அதுக்குள்ள எப்படி?’

இல்ஹாம் யோசிப்பதற்குள் இட்டோ அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு பெரிய தாம்பாளம் நிறைய குஸ்குஸ் என்கிற கோதுமை ரவைச் சோறு, மேலே ஆட்டுக்கறி. சுற்றி இட்டோவும் அவளுடைய மூன்று பிள்ளைகளும்.

“இன்னும் ரெண்டு துண்டு போடு. பிச்சையா போடற? அபராதம்தானே” என்று பாசுவின் மனைவியை அதட்டினாள் இட்டோ.

“வாயைப் பாரு” என்று அவள் நாலு துண்டாக வைத்துவிட்டுப் போனாள்.

இல்ஹாம் கை தாம்பாளத்திலேயே நின்றுவிட்டது.

இதே இட்டோதான். போன மாசம் இல்ஹாம் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று சந்தையிலிருந்து ஒரு கிலோ கறி வாங்கி வந்தபோது தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. “என் புருஷன்தான் செத்தான், என் கை சாகல” என்று சொல்லிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டவள்.

“அக்கா, பசங்க கடைசியா எப்ப கறி சாப்பிட்டாங்க?”

இட்டோ நிமிராமல் எலும்பை உறிஞ்சினாள். “போன தடவ இவன் திருடினப்ப.”

இல்ஹாம் சுற்றிலும் பார்த்தாள். முதல் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம், ஒற்றை ஆடுகூட இல்லை என்று அவள் கணக்கெடுப்பில் எழுதியிருந்த வீட்டுக்காரர்கள். அத்தனை பேரும் தலை நிமிர்ந்து, அதட்டிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

விருந்து முடிந்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடி பாசு ஒவ்வொருவரிடமாக வந்தார். இல்ஹாம் கையை நீட்டினாள்.

“அண்ணே, எனக்கு இப்பதான் புரியுது. நோட்டுல உங்க பேர அடிச்சிடறேன். உங்க நல்ல மனசப் பத்தி நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதறேன்.”

பாசு திடுக்கிட்டு இட்டோ பக்கம் பார்த்தார். அவள் காதில் விழவில்லை என்று தெரிந்ததும் குனிந்து மெல்லச் சொன்னார்.

“அந்தப் பாவத்தை மட்டும் பண்ணாதம்மா. திருடன்னே எழுது. இல்லேன்னா அடுத்த வருஷம் என் வீட்டுல ஒருத்தரும் கை நனைக்க மாட்டாங்க.”