வெள்ளைக்கரு

மூட்டைப்பூச்சிக்கென்று கரைத்து வைத்திருந்த வீரப் பாஷாணத்தைத் தண்ணீரென்று நினைத்து அப்பா குடித்துவிட்டார்.

அனவரதம் கோழிமுட்டையோடு ஓடிவந்தான். வெள்ளைக்கரு அந்த மாதிரி உலோக விஷத்தைப் பிடித்துக் கட்டிவிடும் என்று முந்தாநாள்தான் ரசாயன வாத்தியார் செய்து காட்டியிருந்தார். மணியடித்ததும் முதல் ஆளாக எழுந்து ஓடுகிறவனுக்கே அது மனத்தில் பதிந்திருந்தது.

"முட்டையா? சைவ வீட்டுக்குள்ளயா?" அம்மா வாசலை மறித்தாள்.

"உசிரு போவுதும்மா!"

"போனா சிவலோகம். முட்டையைத் தின்னா எங்கன போவாக?"

அப்பாவும் பல்லைக் கடித்து வாயை இறுக மூடிக்கொண்டார். அனவரதம் காலில் விழுந்து கெஞ்சினான். அந்தியில் அந்த வாய் தானாகத் திறந்தது. முட்டைக்கு இனி வேலையில்லை.

எரித்த மறுநாள் கருப்பந்துறைச் சுடுகாட்டில் சாம்பலைக் குளிர்விக்கும் காடாத்து. துக்கத்துக்கு வந்த வகுப்புத் தோழன் ஜெபசீலன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் திகைத்தான்.

"முட்டை வேண்டாம்னா பாலைக் குடுத்திருக்கலாமேலே? அதுவும் விஷத்தைக் கட்டும்னு வாத்தியார் கடைசியில சொன்னாரே. அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிட்டியோ?"

அனவரதத்தின் கையில் செம்பு நிறைய, வீட்டுப் பசுவின் பால் இருந்தது.

"எலும்பு மேல பைய ஊத்துங்க ஐயா," என்றார் சடங்கு செய்விக்க வந்தவர். "அப்பாவுக்கு உள்ளெல்லாம் குளிரட்டும்."