இடப்பக்கம் இழுக்கும் கார்

"மறுபடியும் இடப்பக்கம் போறே பாரு!" என்று கணவர் சொல்லி முடிப்பதற்குள், கார் மைதானத்தின் ஓரத்துப் புதரில் மூக்கை நுழைத்து நின்றது.

"நேராத்தாங்க பிடிச்சிருந்தேன்."

"நேரா பிடிச்சிருந்தா இந்தச் செடிக்கு இங்க என்ன வேலை? போன மாசம்கூட இவ்வளவு மோசமில்ல. நாளாக ஆகக் கை பழகணும். உனக்கு என்னடான்னா, கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். திட்டியிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும். அவர் ஒருநாளும் திட்டியதில்லை.

"வண்டியில ஏதாவது கோளாறு இருக்குமோ?"

"பதினாலு வருஷத்து வண்டிதான். ஆனா தினமும் நான் ஆபீசுக்கு இதுலதானே போறேன்? என்கிட்ட ஒழுங்கா போகுதே! விடு, எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா? உனக்கு டிரைவர் நான் இருக்கேன்ல."

அவள் காரைப் புதரிலிருந்து பின்னால் எடுத்தாள். லைசென்ஸ் தேர்வில் இதே காரில் இரண்டு முறை தோற்றாயிற்று. வெள்ளிக்கிழமை மூன்றாவது முறை. ஊரின் மறுகோடியில் இருக்கும் பெரிய மருத்துவமனை அவளைத் தலைமை லேப் டெக்னீஷியனாக எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. காலை ஐந்து மணிக்கு ஷிப்ட். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. இந்த மாதத்துக்குள் லைசென்ஸ் கைக்கு வராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்கு.

பிறந்த குழந்தையின் நூல் போன்ற நரம்பையும் ஒரே குத்தில் கண்டுபிடிக்கும் கைகள் அவளுடையவை. அவை ஸ்டீயரிங்கைத் தொட்டதும் ஏன் வேறு யாருடையவோ ஆகிவிடுகின்றன? கொஞ்ச நாளாக, ஊசியை எடுக்கும்போதும் ஒரு கணம் தன் விரல்களை உற்றுப் பார்த்துக்கொள்கிறாள்.

புதன்கிழமை கணவர் ஆபீஸ் வேலையாக ரயிலில் வெளியூர் போயிருந்தார். எப்போதும் அந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொன்னாள்.

"அண்ணே, பக்கத்துல உட்கார்ந்து என் கையை மட்டும் பாருங்க. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க, போதும்."

தெருமுனை வரை போனார்கள். "நீங்க இந்தப் பக்கம் வாங்கம்மா" என்று இடம் மாறி உட்கார்ந்த மெக்கானிக், வண்டியை நேரே தன் பட்டறைக்கு ஓட்டினார். ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்கி, இரண்டு கைகளாலும் ஆட்டினார். கடகடவென்று ஆடியது.

"உங்க கைக்கு ஒண்ணும் இல்லம்மா. ஸ்டீயரிங் மூட்டு தேஞ்சு தொங்குது. இதை நேரா ஓட்டறவங்க கயித்து மேலயே நடந்துடுவாங்க."

"அவர் நேராத்தானே ஓட்டறார்?"

"தேய ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஓட்டறவருக்குக் கை தானா அதுக்கேத்த மாதிரி திரும்பிக்கும். புதுசா உட்கார்றவங்களைத்தான் இழுத்துட்டுப் போகும்."

நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது அவளுக்கு. சிரித்தாள்.

"பாவம்ணே, அவருக்கே தெரிஞ்சிருக்காது."

மெக்கானிக் கந்தல் துணியில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடலாமா? பழைய வண்டியாச்சே, பார்ட் கிடைக்குமா?"

"பார்ட் இருக்கும்மா. அரை மணி நேர வேலைதான்."

பின்சுவர் அலமாரியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. பின்னால் பேச்சு மாறக் கூடாதென்று, எதை எப்போது மாட்ட வேண்டும் என்பதை வண்டிக்காரர்களையே பெட்டி மேல் எழுத வைப்பது அவர் வழக்கம். ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

அவள் ஓட்டக் கற்கத் தொடங்கியதற்கு மறுநாள் தேதியிட்டு, கணவரின் கையெழுத்தில் இருந்தது: 'மனைவி ஓட்டும் ஆசையை விட்டதும் மாட்டவும்.'