திரும்பப் பெறும் வழி

குடும்ப நீதிமன்றத்தின் இணையதளத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தில் அவள் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளாமல் தவித்தாள். விவாகரத்து மனு போட முகப்பிலேயே பட்டன் இருந்தது. போட்டதைத் திரும்பப் பெறவோ எட்டுப் பக்கம் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பக்கமும் 'உறுதிதானா?' என்று கேட்கும்.

"அதையெல்லாம் யாரு தேடப்போறாங்க? அடுத்த வாரம் பாத்துக்கலாம், விடுங்க," என்றார் டீம் லீடர்.

"இல்ல சார், இன்னிக்கே முடிச்சிடறேன். நாளைக்கு விசாரணை இருக்கறவங்க இருப்பாங்கல்ல?"

"யாருக்கோ விசாரணைன்னா நீங்க ஏன் இப்படிப் பறக்கறீங்க?"

அவள் வேண்டாத பக்கங்களைத் தூக்கினாள். சுற்றி வளைத்த லிங்குகளை ஒன்றாக்கினாள். சாப்பாடு மேசையிலேயே ஆறிப்போனது. மாலையில் முகப்பில் புது லிங்க் வந்தது: 'மனுவைத் திரும்பப் பெற'.

"அப்பாடா, ஒரே கிளிக்! இப்ப திருப்தியா?" என்று சிரித்துவிட்டு டீம் லீடர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அறை காலியானதும் அவள் அந்த லிங்கை அழுத்தி, தன் மனு எண்ணை அடித்தாள். அவளும் கணவனும் சேர்ந்து போட்ட மனு; இருவரில் ஒருவர் திரும்பப் பெற்றாலே போதும்.

திரையில் ஒரு வரி வந்தது: 'இந்த மனு நேற்றே மற்ற மனுதாரரால் திரும்பப் பெறப்பட்டது.'

நேற்று பழைய வழிதான் இருந்தது. போன வாரம் அந்த வழியில் போன அவள், மூன்றாவது 'உறுதிதானா?'விலேயே ரோஷம் வந்து திரும்பிவிட்டாள்.

அவன் எட்டுக்கும் 'ஆமாம்' சொல்லியிருக்கிறான்.