தள்ளித் தள்ளிப் போன தள்ளுவண்டி

“என்னப்பா இது, போன வாரம் தபால் பெட்டிகிட்ட நின்னே. இன்னிக்குப் பெட்ரோல் பங்க்கையும் தாண்டி வந்து நிக்கிறே. சக்கரம் இருந்தா உருட்டிக்கிட்டே போயிடறதா?”

மூச்சு வாங்கக் கேட்டவர், ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். டீ வண்டிக்காரர் அலட்டிக்கொள்ளாமல் கிளாஸைக் கழுவினார்.

“அங்க ஒரு நாய் சார். என்னையே பாத்துக்கிட்டு நிக்குது. எனக்குக் கூச்சமா இருக்கு.”

“அதுக்கு முன்னாடி இடம் மாத்தினப்போ வெயில் முகத்துல அடிக்குதுன்னே.”

“அது வெயில் சார், இது நாய்.”

பரிசோதகர் பன்னைப் பிட்டு வாயில் போட்டதும் கேட்க வேண்டியதும் மறந்துபோனது. பழுப்பு நிறத்தில், நடுவே வறுத்த கடலை வைத்த பன். அதற்காகச் சொத்தை எழுதிக் கொடுக்கலாம்.

“டீல சர்க்கரையே இல்லையே?”

“இப்பத்தான் சார் தீர்ந்துச்சு.”

“தினமும் நான் வரும்போதுதான் தீருமா?”

“நீங்க கொஞ்சம் வேகமா நடந்து வந்தா கிடைக்கும் சார்.”

பரிசோதகரும் ஒவ்வொரு நாளும் வேகத்தைக் கூட்டித்தான் பார்க்கிறார். சர்க்கரை அவரைவிட வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது.

அவரை ஏமாற்றியவர் எவரும் இல்லை என்று ரயில்வேயில் பேச்சு. அவர் பெட்டிக்குள் காலை வைத்தாலே, டிக்கெட் வைத்திருப்பவர்கள்கூட ஒரு தடவை பையைத் தடவிக்கொள்வார்கள். சொந்த மாமனாருக்கே அபராதம் போட்டவர். கத்தியைக் காட்டியவனிடம், “அது இருக்கட்டும், டிக்கெட்டைக் காட்டு” என்றவர். ஆனால் ஊசி என்றால் மட்டும் அவரைக் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

ஓய்வு பெற்ற பிறகு ஆள் ஒடுங்கிப்போனார். நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து, நகராத எதிர்வீட்டையே வேடிக்கை பார்த்தார். யாராவது வந்தால் பழக்க தோஷத்தில் கையை நீட்டினார். மருமகன் பயந்துபோய் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடுத்தார். கடைசியில் மனைவிதான் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

“சர்க்கரை இப்படியே இருந்தா ஊசிதான். தினமும் நடங்க, நாலு பேரோட பேசுங்க. பன், கேக் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க” என்றார் டாக்டர்.

மறுநாளே தெருமுனையில் இந்த வண்டி முளைத்திருந்தது. தனக்கென்றே கடவுள் அனுப்பியதாகப் பரிசோதகர் எடுத்துக்கொண்டார்.

“நடக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வர்றேன். வீட்டுல ஒரு துளி சந்தேகம் இல்ல” என்று டீக்காரரிடம் கண்ணைச் சிமிட்டினார். “பாவம், வெள்ளைமனசு.”

“நீங்க சொன்னா சரிதான் சார்.”

வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்க வழியெல்லாம் விசாரிக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் முடிதிருத்துபவர் பழக்கமானார். பள்ளிக்கூட வாட்ச்மேன் சிநேகிதரானார். சைக்கிள் கடைக்காரரோடு தினமும் ஒரு சண்டை. சண்டை இல்லாத நாளில் இருவருக்கும் பொழுது போகவில்லை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் புது பெல்ட் வாங்க வேண்டியதாயிற்று. குளியலறையில் பாட்டு வேறு கேட்டது.

டாக்டரிடம் மறுபடி போக வேண்டிய நாள் வந்தபோதுதான் உறைத்தது. தின்ற பன்னெல்லாம் ரத்தத்தில் சாட்சி சொல்லுமே. கிளம்பும்போது பேச்சை மாற்றப் பார்த்தார்.

“ஏம்மா, முழங்கைல என்ன வெள்ளையா?”

“பவுடர்ங்க.”

“முழங்கைக்குமா?”

“ஏன், முகம் மட்டும்தான் அழகா இருக்கணுமா?”

நியாயமாகத்தான் பட்டது. செருப்பை மாட்டினார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு தடவை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் பார்த்தார்.

“சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. ஊசி வேண்டாம். என்ன சார் பண்ணினீங்க?”

“மனக்கட்டுப்பாடு” என்றார் பரிசோதகர் கூசாமல். பன் தின்று சர்க்கரையை இறக்கிய முதல் மனிதர் தான்தான் என்று உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். பெருமையில் கண் கலங்குகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டார்.

வெளியே வந்து நாலு எட்டு வைத்திருக்க மாட்டார்கள். வியாபாரம் முடிந்து காலி வண்டியை உருட்டிக்கொண்டு எதிரே வந்தார் டீக்காரர்.

பரிசோதகர் மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணைக் காட்டினார். உதட்டில் விரல் வைத்தார். கும்பிடக்கூடச் செய்தார். வண்டி நேராக அவர்களிடமே வந்து நின்றது.

டீக்காரர் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் மனைவியிடம் பணிவாகக் கேட்டார்:

“நீங்க சுட்டுக் கொடுத்த கோதுமைப் பன்னு அத்தனையும் தீர்ந்துடுச்சும்மா. நாளைக்கு வண்டியை எங்க நிறுத்தட்டும்?”

அவள் கணவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஆத்துப் பாலத்தைத் தாண்டி நிறுத்து, இப்ப அவ்வளவு தூரம் தாங்குவாரு. சர்க்கரை மட்டும் வழக்கம்போல தீர்ந்தே இருக்கட்டும்.”