மைனா எடுத்த கருத்துக்கணிப்பு

மைனா சொன்ன இந்தக் கதையைப் பல ஆண்டுகளாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். சந்தேகம் என் சுபாவமோ என்று என்னையே கேட்டுக்கொண்டதும் உண்டு.

காட்டில் கொள்ளைநோய் பரவியபோது, சிங்கராஜா முயல் வளைகளையெல்லாம் கல் வைத்து அடைத்தார். மைனா வளை வளையாகப் போய், “ராஜா நிர்வாகம் எப்படி?” என்று கேட்டது.

“ரொம்ப நல்லாருக்குன்னு போட்டுக்கோ அக்கா,” என்றது உள்ளேயிருந்து ஒரு தாய் முயல். “குட்டிக்குப் புல்லு தீர்ந்துபோச்சு. கல்லை எப்போ எடுப்பாங்க?”

“நான் கேக்க வந்தவ, சொல்ல வந்தவ இல்ல,” என்றது மைனா.

மறுசுற்றில் அந்த வளையிலிருந்து சத்தமே வரவில்லை. முயல்கள் ஒருமனதாக ராஜாவைப் பாராட்டியதாக மைனா காடெங்கும் அறிவித்தது.

போன வாரம்தான் அதனிடம் கேட்டேன்: “பதில் வராத வளையை எந்தப் பக்கம் சேர்த்தாய்?”