இருந்த இடத்திலேயே இருக்கணும்

"அந்த ஐகானை ஏன்யா நகர்த்தினே?"

மெக்கானிக் மவுஸிலிருந்து கையை எடுத்தான். பழைய டெஸ்க்டாப்பில் புது ஓ.எஸ். ஏற்றிவிட்டு அப்போதுதான் நிமிர்ந்திருந்தான். வீட்டுக்காரர் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவன் வந்ததிலிருந்து அங்கேயேதான் நிற்கிறார்.

"நான் நகர்த்தலை சார். புது சிஸ்டம்ல அப்படித்தான் வரும்."

"எப்படி வேணா வரட்டும். என் வீட்டுல பழையபடிதான் இருக்கணும். மேல குப்பைத்தொட்டி, அதுக்குக் கீழே ஆடியோ, அதுக்குக் கீழே டைப் அடிக்கிறது. இம்மி பிசகக் கூடாது."

இத்தனைக்கும் கம்ப்யூட்டர் அவருடையது இல்லை. அவர் மனைவியுடையது. டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, அப்படியே டைப் அடித்துக் கொடுக்கிற வேலை அந்த அம்மாவுக்கு. பழைய சிஸ்டத்தில் இனி வேலை அனுப்ப முடியாது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. இன்றைக்குள் புதுசு ஏறாவிட்டால் வேலை போய்விடும்.

வேலை பார்ப்பது மனைவி. அதிகாரம் பண்ணுவது புருஷன். இந்த மாதிரி வீடுகளை மெக்கானிக் நிறையப் பார்த்திருக்கிறான்.

"அம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுடலாமே சார்?"

"அவளை எதுக்குக் கேட்கணும்? நான் சொல்றதைச் செய்."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, அந்தத் தம்பியை ஏன் போட்டுப் படுத்துறீங்க? அவர் இஷ்டப்படி வைக்கட்டுமே. நான் பழகிக்கிறேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சும்மா இரு."

முகத்தில் அடித்த மாதிரி சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குத்தான் சுருக்கென்றது.

அடுத்த வம்பு கீபோர்டில் வந்தது. எழுத்தெல்லாம் தேய்ந்து, பாதிக்கு மேல் மொட்டைக் கறுப்பாக இருந்தது.

"பையில புதுசு ஒண்ணு இருக்கு சார். சும்மாவே தர்றேன். எழுத்தே இல்லாம அம்மா எப்படி அடிப்பாங்க, பாவம்."

"இதுவே போதும்."

"காசு வேண்டாம்னு சொல்றேன் சார்."

"கீபோர்டே வேண்டாம்னு நான் சொல்றேன்."

கஞ்சனாக இருந்தால் ஓசியில் வருவதையாவது வாங்கிக்கொள்வான். இவர் எந்த ரகம் என்றே மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை.

அதோடு விட்டாரா? பாஸ்வேர்டு கேட்கக் கூடாது என்றார். நடுநடுவே ஸ்கிரீனில் பெட்டி பெட்டியாக எதுவும் வந்து நிற்கக் கூடாது என்றார். ஆன் பண்ணினால் பழைய சிஸ்டத்தில் வந்த அதே சத்தம்தான் வரணும் என்றார். அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்துப் போடுவதற்குள் மெக்கானிக்குக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. இந்த ஆளோடு அந்த அம்மா எப்படித்தான் குடித்தனம் பண்ணுகிறாரோ! அவனுக்கு அந்த ஆள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. ஆஃப் செய்து, சி.பி.யூ.வைத் துடைத்து, மேஜைக்கடியில் தள்ளி, ஒயர்களைச் செருகிவிட்டு எழுந்தான். வீட்டுக்காரருக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கூப்பிட்டான்.

"அம்மா, நீங்க வந்து ஒரு தடவை பார்த்துடுங்க. உங்களுக்குப் பிடிக்கலேன்னா இப்பவே மாத்திடலாம்."

அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து சுவிட்சைப் போட்டார். பழைய சத்தம் வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கீபோர்டு ஓரத்தில் இருந்த கீழ் அம்புக்குறிப் பட்டனை இரண்டு தரம் தட்டி, என்டரை அழுத்தினார். விரல்கள் விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தன.

"ரொம்ப நல்லா இருக்கு தம்பி. பழசை விடப் பளிச்சுன்னு தெரியுது."

மெக்கானிக் பெருமையோடு மானிட்டரைப் பார்த்தான். தூக்கிவாரிப் போட்டது.

மானிட்டர் இருட்டாக இருந்தது. அதன் பிளக்கைச் செருகவே மறந்திருக்கிறான்.

"அம்மா, அது வந்து..." என்று வாயெடுத்தவனின் தோளை ஒரு கை அழுத்தியது. திரும்பினான். வீட்டுக்காரர் உதட்டில் விரலை வைத்தார். சத்தம் காட்டாமல் குனிந்து, பிளக்கைச் செருகினார்.

மானிட்டரில் வெளிச்சம் வந்தது. அந்த அம்மாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். செருப்பை மாட்டும்போதுதான் மெதுவாகக் கேட்டான்.

"அம்மாவுக்குக் கண்ணு..."

"கொஞ்சம் கொஞ்சமா மங்கிப்போச்சு. ஆள் வந்தா நிழலாத் தெரியும், ஸ்கிரீன் சுத்தமாத் தெரியாது. அவளே தனியா டாக்டரைப் போய்ப் பார்த்திருக்கா. இனிமே சரி பண்ண முடியாதுன்னுட்டாங்க. என்கிட்ட மூச்சு விடலை. நானாப் போய் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"உங்ககிட்ட ஏன் சார் மறைக்கிறாங்க?"

"தெரிஞ்சா வேலையை விடச் சொல்லிடுவேன்னு பயம். அந்த வேலைதான் அவளுக்கு உசுரு."

"எனக்குத் தெரியும்னு நீங்களே சொல்லிடலாமே சார்? இப்படிக் கெட்ட பேர் எடுத்துக்கிட்டு நிக்கணுமா?"

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். டைப் அடிக்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"அவளுக்கு எப்பச் சொல்லத் தோணுதோ, அப்பச் சொல்லட்டும் தம்பி. அதுவரைக்கும் நான் முரட்டு ஆளாவே இருந்துட்டுப் போறேன்."